காத்துல போயிடுச்சு சார்

சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பெருக்கித் தள்ளிவிட்டார்கள். அதுதான் கெட்டது. புயல் கெடுத்தது பாதி, விளக்குமாறு கெடுத்தது மீதி.

செக்கர் அம்பலவாணன் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஓடு இல்லை. ஓடு இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய். பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவர்; வெளிப்பாளையத்தில் ரேஷன் கடைக்காரன் முதல் பல் டாக்டர் வரை அவருக்குச் செக்கர் என்றுதான் பெயர். வெயில் ஏற ஏறத் தார்ப்பாய் வழியாக நீலம் இறங்கிக் கூடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. சுவர் நீலம், சுவரில் மாட்டிய மாமனார் படம் நீலம், தன் கை நீலம். நகத்தைப் பார்த்தார். செத்தவன் நகம் மாதிரி இருந்தது. சீ. விரலை மடக்கிக்கொண்டார். காற்று புகுந்தால் தார்ப்பாய் உப்பும், விட்டால் தொங்கும். உப்பும், தொங்கும். வீடு மூச்சு விடுகிறது. விடட்டும். குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மேலே யாரோ துணி துவைக்கிறார்கள், கீழே மீனோடு மீனாக ஒரு செக்கர். மத்தியானத்துக்குள் இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறான். வந்து என்ன பார்ப்பான்? கழுவித் துடைத்த தரையைப் பார்ப்பான். வாசலில் கோலத்தைப் பார்ப்பான். உடைந்த ஓடு எங்கே என்பான். விழுந்த மரம் எங்கே என்பான். கூரை பழசாகித் தானே உதிரவில்லை, புயல்தான் கொண்டுபோச்சு என்பதற்கு என்ன சாட்சி என்பான். சாட்சி இல்லை. சாட்சி இல்லையென்றால் கிளைம் இல்லை. கிளைம் இல்லையென்றால் ஓடு இல்லை. ஓடு இல்லையென்றால் ஓசூர். மகள் மணிமொழி போனில் சொல்லிவிட்டாள். "கிளைம் ஆச்சுன்னா ஓட்டப் போட்டுக்கிட்டு அங்கயே இருங்கப்பா. ஆவலன்னா நான் வந்து வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துடுவேன். தார்ப்பாய வச்சிக்கிட்டு எத்தனை மழைக்கு இருப்பீங்க?" நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி கேட்கிறவர்களை அவருக்கு எப்போதுமே பிடிக்காது. ஓசூர் என்றால் மூணாவது மாடி, பால்கனி. போன வருஷம் ஒரு மாசம் இருந்து பார்த்தாயிற்று. கம்பிக்கு வெளியே புறா, கம்பிக்கு உள்ளே அவர். புறா அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டது.

கறுக், கறுக். கொல்லைப்பக்கம் சத்தம். என்ன சத்தம் அது? கிழவன் முறுக்கைக் கடிக்கிற மாதிரி. இல்லை, பழைய பஸ்ஸில் கியர் விழாமல் அரைக்கிற மாதிரி. கொஞ்ச நாளாகவே கேட்கிறது. பெண்டாட்டி கொல்லைக்குப் போனால் கேட்கிறது, அடுப்படிக்குத் திரும்பினால் நிற்கிறது. கேட்டுவிடலாம். கேட்டால் பேச வேண்டும். பேச்சுவார்த்தை கிடையாது. எழுந்து போய்ப் பார்க்கலாம். கொல்லைக்கு இறங்குகிற படி உயரம், முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அந்த முழங்காலுக்காகத்தானே பாங்கில் கடன் வாங்கி வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் கட்டியது. அதற்கப்புறம் அவருக்குக் கொல்லையில் என்ன வேலை. கடன் கொடுத்தவன்தான் வீட்டின் பேரில் இன்சூரன்ஸையும் சேர்த்துத் தலையில் கட்டினான். எதுக்குய்யா என்றார். புயல் கியல் வந்தா உதவும் சார் என்றான். வந்தது. உதவுகிற லட்சணம் இது. அவள் பேசுவது இப்போதெல்லாம் சுவரோடு. "காப்பி ஆறுது" என்பாள் சுவரிடம். "குடிக்கிறவங்க குடிக்கலாம்." சுவர் எழுந்து போய்க் குடித்துவிட்டு வரும். இன்றைக்குக் காலையில் பூனையைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். "ஆபீசர் வர்றாராம். சில பேரு வேட்டிய மாத்துனா தேவல." பூனை திரும்பி அவரைப் பார்த்தது. வேட்டியை மாற்றிக்கொண்டார். பூனைக்காக.

பெருக்கினது யார்? அவள். விளக்குமாறு யார் கையில் இருந்தது? அவள் கையில். இதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், சாட்சி உண்டு. எதிர்வீட்டு அய்யூப் பார்த்தான். ஆக, தப்பு யார் பேரில்? அங்கே வந்ததும் நினைப்பு ஒரு ஆணியில் மாட்டிக்கொண்டது. வேட்டி மாட்டுகிற மாதிரி. இழுத்தார். வரவில்லை. விட்டுவிட்டுப் புயலுக்குப் போனார். புயலை நினைப்பது சுலபம். புயலில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. விடியற்காலை. முதலில் ஒரு ஓடு எழுந்தது. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் மாதிரி லேசாக எழுந்து, திரும்பப் படுத்தது. பிறகு பக்கத்து ஓடு. பிறகு வரிசையாக. இவ்வளவு காலம் காக்கை உட்கார்ந்தாலும் அசையாமல் கிடந்த ஓடுகள், இறக்கை இருந்ததை அன்றைக்குத்தான் ஞாபகப்படுத்திக்கொண்ட மாதிரி, ஒன்று ஒன்றாகக் கிளம்பிப் போயின. அந்த ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. வானம் சாம்பலாக, மிக அருகில், கை நீட்டினால் ஒட்டிக்கொள்ளும் போல இருந்தது. அப்புறம் பூவரசு. அது விழவில்லை. சாய்ந்தது. தூரத்து ஊரிலிருந்து நடந்து வந்த சொந்தக்காரன் மாதிரி, அசதியாக, மெல்ல, கூரை மேல் தலையை வைத்தது. அவரும் அவளும் ஓடிப்போய் கக்கூஸுக்குள் நின்றுகொண்டார்கள். வீட்டில் அது ஒன்றுதான் கான்கிரீட். அவர் பீங்கான் மூடி மேல் உட்கார்ந்தார். அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் முழங்காலை இடித்தது. கல்யாணத்து மணையில்கூட அவ்வளவு நெருக்கி உட்கார்ந்ததில்லை. "ஒண்ணும் ஆவாது" என்றாள் அவள். "வாய மூடு" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "என்னா சொன்ன?" என்றார். "ஒண்ணும் ஆவாதுன்னேன்." "ம்." வெளியே ஊர் முழுக்கக் கிழிந்துகொண்டிருந்தது. உள்ளே அவள் முழங்கால் சூடாக இருந்தது. அது என்னவோ நல்ல நேரம் மாதிரி இப்போது தோன்றுகிறது. புயலைப் போய் நல்ல நேரம் என்கிறேனே, மூளை கலங்கிவிட்டதா.

கறுக், கறுக். மறுபடியும். "அதுவரைக்கும் நீங்க." இதுவும் ஒரு சத்தம்தான். இதுவும் விடாமல் கேட்கிறது. கரண்டு வந்து போன் உயிர்பெற்ற அன்றைக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். மூச்சு விடாமல், கிளி மாதிரி. "எங்க சர்வேயர் நேர்ல வந்து பாப்பாங்க சார், அதுவரைக்கும் நீங்க..." அங்கேயே கட் செய்துவிட்டார். வந்து பார்ப்பான், விஷயம் முடிந்தது, மீதி எல்லாம் டெப்போ சர்க்குலர் மாதிரி வளவளா. வாழ்நாள் முழுக்க யார் பேச்சையும் முழுசாகக் கேட்டதில்லை. செக்கருக்குக் கேட்க நேரம் ஏது. அடுத்த ஸ்டாப்பிங் வந்துவிடும். அதுவரைக்கும் நீங்க. அந்தப் பெண் மிச்சத்தைச் செத்த போனிடம் சொல்லியிருப்பாள். அதுவரைக்கும் நீங்க எதையும் எடுக்காதீங்க, நகத்தாதீங்க, அப்படியே வைங்க. இது பிற்பாடு மணிமொழி சொல்லித் தெரிந்தது. அவர் அன்றைக்குச் செய்தது வேறு. கூடத்தைப் பார்த்தார். முட்டளவு ஓடு, இலை, கிளை, சேறு. நடுவில் மல்லாந்து கிடந்த மரம். "ஆபீசர் வர்ற வீடு இப்படியாடி கெடக்கும்? என்னா நெனைப்பான் நம்மள?" அவள் சொன்னாள். ஆமாம், சொன்னாள். "கெடக்கட்டுமே. புயலடிச்ச வீடு புயலடிச்ச மாதிரிதான இருக்கும்." "வாயாடாத. பொண்ணு பாக்க வர்றவன் முன்னால அழுக்குப் பாவாடையோடயா போய் நின்ன?" "நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கிட்டு இருந்தன். மறந்துபோச்சா?" பதில் இல்லாத இடத்தில் கத்துவது அவர் வழக்கம். கத்தினார். ரெண்டு ஆள் வந்தார்கள். குட்டியானை வண்டி வந்தது. விறகுக்காரன் வாளோடு வந்தான். குளத்தங்கரையில் கொட்டுங்கடா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். தூசி ஆகாது. எழுந்து வந்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. கூரை மட்டும் இல்லை. சாயந்தரம் மணிமொழி போனில் தாம்தூம் என்று குதித்தாள். யாருப்பா எல்லாத்தையும் அள்ளச் சொன்னது, அறிவிருக்கா யாருக்காவது என்றாள். அப்போது சொன்னார். யோசிக்கக்கூட இல்லை. நாக்கு தானாகப் புரண்டது. "உங்கம்மாதான் பெருக்கிட்டா." அவள் அடுப்படி வாசலில் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். கேட்டாள். சொம்பைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து சுவரோடு பேசுகிறாள்.

தார்ப்பாய் உப்பியது. தொங்கியது. நீலத்தில் கண் சொருகியது. அவன் வந்தான். கண்ணாடிக்காரன். வருவான் என்று தெரியும், சர்வேயர் வருகிற நாளில் வராமல் எப்போது வருவான். சர்வீஸில் இருந்தபோது திருவாரூர் ரூட்டில் ஒருநாள் ஏறியிருந்தான், ஆளுயர நிலைக்கண்ணாடியைக் கோணி சுற்றிக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு. புதுப்பெண்டாட்டிக்காம். டிக்கெட்டைக் காட்டு என்றார். காட்ட இல்லை. எடுத்தேன் சார், கையிலதான் வச்சிருந்தேன், கண்ணாடிய ரெண்டு கையாலயும் புடிச்சனா, காத்துல போயிடுச்சு சார். "எல்லாரும் அதான்யா சொல்றான்." இறங்கு. பொட்டல் வெளி. ஒரு மரம் கிடையாது. கண்டக்டர்கூட, விடுங்க சார், வாங்குன மாதிரிதான் ஞாபகம் என்றான். ஞாபகத்துக்கெல்லாம் டிக்கெட் கிடையாது என்றார் செக்கர். நல்ல வசனம். டெப்போவில் ரொம்ப நாள் பேசினார்கள் அதை. பஸ் கிளம்பியது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். கோணி நழுவியிருந்தது. வெயில் அந்தக் கண்ணாடியில் விழுந்து பளிச், பளிச் என்று அடித்தது. பஸ் வளைவு திரும்பியும் அடித்தது. அவனைக் காணோம், ரோட்டைக் காணோம், ஒரு வெளிச்சம் மட்டும் வயலுக்கு நடுவில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது அதே பஸ்ஸில் அவர் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலெல்லாம் நீலம். வெளியே மீன் போகிறது, ஓடு போகிறது, இறக்கை அடித்துக்கொண்டு. முன்னால் யாரோ சீட்டு சீட்டாக டிக்கெட் கேட்டுக்கொண்டு வருகிறான். சட்டைப்பையைத் துழாவினார். இடுப்பைத் துழாவினார். இல்லை. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஜன்னலோரம், பட்டுப்புடவை. அவள் டிக்கெட் அவள் வளையலுக்குள் பத்திரமாகச் சுருண்டிருக்கிறது. அவள் வழக்கமே அது. பஸ் ஏறினால் டிக்கெட்டை வளையலில் செருகிக்கொள்வாள், இறங்கின பிறகும் எடுக்க மாட்டாள், வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதும் அது வளையலில் இருக்கும். "எறங்குன டிக்கெட்ட எதுக்குடி வச்சிருக்க?" "இருக்கட்டும். என்னாத்துக்காவது ஆவும்." என்னாத்துக்கு ஆகும், இறங்கின டிக்கெட். எதையும் எறிய மாட்டாள். கிழிந்த பையின் ஜிப், அறுந்த செருப்பு வார், எல்லாம் என்னாத்துக்காவது ஆகும். கேட்கிறவன் பக்கத்தில் வந்துவிட்டான். முகம் இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆளுயரக் கண்ணாடி. அதில் அவரே தெரிந்தார், நீலமாக. அவளிடம் கேட்கலாம், ரெண்டு டிக்கெட் வைத்திருப்பாள், அவள்தான் வைத்திருப்பாளே. கூப்பிட வாய் திறந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? இந்தா. அவள் திரும்பவில்லை. ஏ, இந்தா. திரும்பவில்லை.

"ஐயா. ஐயா, அம்பலவாணன் வீடுதானே?"

விழித்தார். வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். நடுவயது. பேன்ட் முட்டி வரை சேறு. கோலத்தை மிதிக்காமல் தாண்டி வந்தான். நல்ல பிள்ளை, அதனால் என்ன பிரயோசனம்.

"சர்வேயருங்க. ஜெரால்டு. வழியெல்லாம் சேறு, லேட்டாயிடுச்சு." அண்ணாந்து தார்ப்பாயைப் பார்த்தான். கீழே குனிந்து தரையைப் பார்த்தான். மூலை மூலையாகப் பார்த்தான். அவன் முகமும் நீலமாகிவிட்டது. "என்னங்கய்யா, கல்யாண வீடு மாதிரி இருக்கு?"

"ம்."

"ஓடு எங்க?"

எத்தனை பதில் யோசித்து வைத்திருந்தார். வந்தது ஒன்றுதான். அது அவருடையதே இல்லை.

"காத்துல போயிடுச்சு சார்."

ஜெரால்டு சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. அலுத்த சிரிப்பு. "எல்லாரும் அதான் சொல்றாங்க ஐயா." பையிலிருந்து எதையோ எடுக்கப் போய், எடுக்காமல் ஜிப்பை மூடினான். "கோவிச்சுக்காதீங்க. கூரைச் சட்டமெல்லாம் பழசு, பாத்தாலே தெரியுது. பராமரிப்பு இல்லாம உதிர்ந்துதுன்னு எழுதுனா என்னை ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. புயல்ல போச்சுன்னு எழுதுனா எங்க ஆதாரம்னு கேப்பாங்க. மரம் விழுந்துதுன்னு கிளைம்ல இருக்கு, மரத்தக் காணும். போட்டோவாவது எடுத்தீங்களா?"

போட்டோ. புயலன்று கக்கூஸில் உட்கார்ந்து போட்டோ எடுத்திருக்க வேண்டும். செக்கர் இல்லையென்று தலையை ஆட்டினார். கண்ணுக்குள் ஓசூர்ப் புறா வந்து உட்கார்ந்தது. ஞாபகத்துக்கெல்லாம் டிக்கெட் கிடையாது. இறங்கு. இறங்க வேண்டியதுதான்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. சுவரிடம் இல்லை, பூனையிடமும் இல்லை. "காலெல்லாம் சேறா இருக்கே தம்பி. கொல்லையில குழா இருக்கு. கழுவிட்டு வாங்க, மோர் தர்றன்."

ஜெரால்டு கொல்லைக்குப் போனான். படி இறங்கினான்.

கறுக்.

நின்றான். இன்னொரு அடி. கறுக். பிறகு, "ஐயா, கொஞ்சம் இங்க வாங்க" என்றான்.

செக்கர் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். கொல்லை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். வெளியே நீலம் இல்லை. வெயில், வெறும் மஞ்சள் வெயில், கண் கூசியது. படியிலிருந்து குழாயடி வரை, குழாயடியிலிருந்து துணிக்கொடி வரை, சேற்றின் மேல் சிவப்பாக ஒரு பாதை. ஓடு. அவர் வீட்டு ஓடு. கூரையாக இருந்தது அத்தனையும் தரையாகக் கிடந்தது. ஜெரால்டு குந்தி உட்கார்ந்து ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல் பக்கம் கருப்பாப் பாசி. ஒடஞ்ச பக்கம் பாருங்க, அறுத்த கறி மாதிரி சிவப்பு. இது பழைய ஒடசல் இல்லீங்க, இப்ப ஒடஞ்சது." எழுந்து குழாயடிக்குப் போனான். அங்கே ஒரு மரத்துண்டு கிடந்தது, மேல் பாகம் செதுக்கி, துவைக்க வசதியாக. பூவரசு. பட்டைக்குள் விரலை விட்டான். "யப்பா. ஓட்டுச் சில்லு உள்ளயே ஏறியிருக்கு. மரம் கூரை மேல விழாம இது எப்படிங்க ஏறும்?"

போனை எடுத்துப் படம் பிடித்தான். பளிச். இன்னொன்று. பளிச்.

"குளத்தாங்கரையிலதான கொட்டச் சொன்னன்" என்றார் செக்கர். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் மோர்ச் சொம்போடு வந்து நின்றாள். சர்வேயரிடம்தான் சொன்னாள். "கொல்லையெல்லாம் சேறு தம்பி, வழுக்கிவிட்டுடும். வண்டி கெளம்புறப்ப மறிச்சு, இங்க தட்டுப்பான்னேன். மரத்தையும் நடுப்பாகத்த விட்டுட்டுப் போவச் சொன்னேன், துவைக்க ஆவும்னு. நம்ம வீட்டு ஓட்டக் கொண்டுபோயி ஊரான் கொளத்துல கொட்டுவாங்களா?"

"அம்மா, நீங்க மட்டும் இத எறிஞ்சிருந்தா ஐயாவுக்கு ஒண்ணும் கெடைச்சிருக்காது." ஜெரால்டு மோரை ஒரே மூச்சில் குடித்தான். "இது போதும். புயல்னே எழுதிடறேன். ஓட்டுக்கு ஆள் சொல்லிவிடுங்க." பையைத் திறந்து பேனாவை எடுத்தான். "சேதமான பொருளை யார் எடுத்து வச்சதுன்னு குறிக்கணும். யாருங்கய்யா?"

"வீட்டுல" என்றார் செக்கர்.

"பேரு?"

அவள் சொல்வாள் என்று பார்த்தார். அவள் காலி சொம்பைப் பிடித்துக்கொண்டு துணிக்கொடியைப் பார்த்தாள். ஆயிரம் பேரைப் பேர் கேட்டிருக்கிறார், பஸ்ஸில். பேர் என்ன, ஊர் என்ன, அப்பன் பேர் என்ன. அவள் பேரைச் சொல்லித்தான் பழக்கமில்லை. இந்தா. ஏ. உங்கம்மா. உங்கம்மாதான் பெருக்கிட்டா. கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி உயரமான அந்தப் படியை இறங்கினார். முழங்கால் கத்தியது. கத்தட்டும். ஓட்டின் மேல் கால் வைத்தார். கறுக் என்றது. சர்வேயரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னார், சத்தமாக, கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரி:

"நீலாயதாட்சி."